குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்: காவிரிப் படுகையில் வைத்து ஒரு மதிப்பீடு

காடு குறைகிறதா, கூடுகிறதா என்ற விவாதம் எங்கே எழுந்தாலும் இப்போது முதலில் மேற்கோள் காட்டப்படுவது குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் என்ற இணையச் சேவைதான். வாஷிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட உலக வள நிறுவனம், மேரிலாந்து பல்கலைக்கழகம், கூகுள் உள்ளிட்ட பங்காளிகளோடு சேர்ந்து 2014-இல் இதை இன்றைய வடிவில் தொடங்கியது. கட்டணம் எதுவும் இல்லை. பதிவு செய்துகொள்ளாமலே வரைபடத்தைத் திறந்து பார்க்கலாம். 2001 முதல் 2023 வரையில் இந்தியா 23.3 லட்சம் ஹெக்டேர் மரப்பரப்பை இழந்தது என்று இச்சேவை காட்டிய கணக்கு 2024-இல் செய்தியானபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட இந்திய வன நிலை அறிக்கையோ, நாட்டின் வனப்பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர் என்றும், முந்தைய அறிக்கையைவிட 156 சதுர கிலோமீட்டர் கூடியிருக்கிறது என்றும் கூறியது. இரண்டும் செயற்கைக்கோள் படங்களிலிருந்தே எடுக்கப்பட்ட கணக்குகள். இரண்டையும் படித்த வாசகர் குழம்பிப்போவது இயல்பு.

நாடு முழுவதற்குமான இந்தச் சண்டைக்குள் இங்கே போகப்போவதில்லை. ஓர் ஆற்றுப் படுகையில் காட்டின் வளர்ச்சியைக் காலநிலையும் மனிதச் செயல்களும் எப்படி மாற்றுகின்றன என்பதை அறிய விரும்பும் ஒருவருக்கு இந்தச் சேவை எவ்வளவு தூரம் உதவும் என்பதே என் கேள்வி. அதற்குக் காவிரிப் படுகையை எடுத்துக்கொண்டேன். 81,155 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் படுகையில் ஏறக்குறைய எல்லா வகைத் தென்னிந்தியக் காடும் இருக்கிறது. தலைக்காவிரி, பாகமண்டலம் பகுதிகளில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்து பசுமை மாறாக் காடுகள் நிற்கின்றன. நீலகிரியின் மழைமறைவில் கிடக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் 700 மில்லிமீட்டரை ஒட்டிய மழையில் முட்காடு வளர்கிறது. இடையே முதுமலை, பந்திப்பூர், சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைகளில் இலையுதிர் காடுகள் பரந்திருக்கின்றன. மேற்குப் பகுதி தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்க, கீழ்ப்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிறது. காப்பித் தோட்டம், தேயிலை, தைலமரம், சீகை (வாட்டில் என்னும் ஆஸ்திரேலிய மரம்), நீர்மின் அணைகள், புலிகள் காப்பகங்கள், பழங்குடிக் குடியிருப்புகள் என்று மனிதக் கை படாத இடம் அரிது. ஒரு கருவியைச் சோதிக்க இதைவிடக் கடினமான களம் கிடைக்காது.

முதல் சிக்கல் எல்லையிலேயே தொடங்குகிறது. நாடு, மாநிலம், மாவட்டம் என்ற நிர்வாக எல்லைகளுக்கு ஆயத்தக் கணக்குகள் ஒரு சொடுக்கில் வந்துவிடுகின்றன. நீலகிரி மாவட்டம், குடகு மாவட்டம், ஈரோடு மாவட்டம் என்று தேர்ந்தெடுத்தால் ஆண்டுவாரி இழப்பு, தீ எச்சரிக்கைகள், மரப்பரப்பு எல்லாம் வரைபடத்தோடும் பட்டைப்படங்களோடும் விரிகின்றன. ஆனால் ஆறு மாவட்ட எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. நீலகிரி மாவட்டத்தின் கூடலூர்ப் பகுதியில் ஒரு பக்கத்து நீர் மேற்கே கேரளத்துச் சாலியாற்றுக்குப் போகிறது. மறுபக்கத்து நீர் மாயாற்றின் வழியாகக் காவிரிக்கு வருகிறது. படுகை அளவில் பார்க்க வேண்டுமென்றால் எல்லைக் கோப்பை நாமே கொண்டுவந்து பதிவேற்ற வேண்டும், அல்லது வரைபடத்தின் மேல் விரலாலோ சுட்டியாலோ கோடிழுத்துக்கொள்ள வேண்டும். ஹைட்ரோபேசின்ஸ் என்ற இலவசத் தொகுப்பிலிருந்து படுகை எல்லையை எடுத்துப் பதிவேற்றுவதே சரியான வழி. புவியியல் மென்பொருள் பழக்கமில்லாதவர்களுக்கு இது சற்றுத் தொல்லை. ஒருமுறை செய்துவிட்டால் பிறகு அந்தப் பரப்பைச் சேமித்துவைத்து மின்னஞ்சலில் எச்சரிக்கையும் பெறலாம். நான் படுகை முழுவதையும் ஒரே துண்டாகப் பார்ப்பதைவிட, பவானி, மாயாறு, கபினி, அமராவதி என்று கிளைப்படுகைகளாகப் பிரித்துப் பார்ப்பதையே பரிந்துரைப்பேன். முழுப் படுகையின் கூட்டுத்தொகையில் குடகின் காப்பித் தோட்டமும் டெல்டாவின் தென்னந்தோப்பும் ஒரே எண்ணுக்குள் போய் மறைந்துவிடுகின்றன.

இனி, இச்சேவை எதைச் சிறப்பாகச் செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதன் முதுகெலும்பு லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள். 30 மீட்டர் நீள அகலமுள்ள ஒவ்வொரு சதுரத்தையும் தனித்தனியே எடுத்து, 2000-இல் அங்கே மரக்கவிகை, அதாவது மேலிருந்து பார்த்தால் நிலத்தை மூடும் கிளை இலைக் கூரை, எவ்வளவு இருந்தது, 2001-இலிருந்து எந்த ஆண்டில் அது நீங்கியது என்று மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகம் முழுவதற்கும் கணித்திருக்கிறார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. வரைபடத்தில் பச்சை என்பது மரப்பரப்பு, இளஞ்சிவப்பு என்பது இழப்பு. கீழே இருக்கும் காலப்பட்டையை ஓடவிட்டால் இளஞ்சிவப்பு ஆண்டுவாரியாகப் பரவுவதைக் கண்ணால் காணலாம். 2018 ஆகஸ்டில் குடகின் மக்கந்தூர், ஜோடுபாலா பகுதிகளில் பெருமழையில் மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்தது போன்ற நிகழ்வுகளைத் தேடுபவருக்கு இந்த ஆண்டுக் குறிப்பு மிகப் பயனுள்ளது. அணைக்கட்டு, சாலை, சுரங்கம், பெருந்தோட்ட வெட்டு போன்று ஒரே வீச்சில் நடக்கும் அழிவையும் இது நன்றாகவே பிடிக்கும். இருந்த இடத்திலிருந்து, செலவில்லாமல், அரசு அலுவலகத்தில் மனுப்போட்டுக் காத்திருக்காமல் இதைப் பார்க்க முடிகிறது என்பது சிறிய காரியமல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஒரு தகவலைப் பெற ஒரு ஆராய்ச்சி மாணவர் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது.

ஆனால் இங்கே மரம் எனப்படுவது ஐந்து மீட்டருக்கு மேல் உயரமுள்ள எந்தத் தாவரமும். கவிகை அடர்த்தி 30 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் சேவையின் இயல்பு அமைப்பில் அது மரப்பரப்பாகக் கணக்கில் ஏறும். இந்த அளவை 10 முதல் 75 விழுக்காடு வரை மாற்றிக்கொள்ளலாம். பலர் அந்தப் பொத்தானைத் தொடுவதே இல்லை. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். 30 விழுக்காட்டில் பவானிசாகரிலிருந்து தெங்குமரஹாடாவை நோக்கிப் போகும் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி பெரும்பாலும் வெறுமையாகத் தெரிகிறது. ஆற்றை ஒட்டிய கரையோரக் காடு மட்டும் மெல்லிய பச்சைக் கோடாக வளைந்து போகிறது. அளவை 10-க்கு இறக்கினால் கொஞ்சம் பச்சை பொட்டுப் பொட்டாகத் தலைகாட்டுகிறது. வெறுமையாகத் தெரியும் அந்த நிலத்தில்தான் வெளிமான் மேய்கிறது. அதற்கு மேலேதான் தீபகற்ப இந்தியாவில் எஞ்சியிருக்கும் பாறு கழுகுகளின் முக்கியமான வாழிடம் இருக்கிறது. 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் வனத்தின் ஒரு பகுதி அது. உசிலும் வேலமும் குட்டையாக நிற்கும் முட்காடு அங்கே அந்த மழைக்கு ஏற்ற முழுமையான காடு. மழை குறைந்து அது நலிந்தாலும், மேய்ச்சல் கூடி அது தேய்ந்தாலும், விறகுக்கு வெட்டப்பட்டாலும் இந்த வரைபடத்தின் மரப்பரப்பு அடுக்கில் பெரிய அசைவு எதுவும் தெரியாது, ஏனெனில் அது தொடக்கத்திலேயே கணக்கில் இல்லை. இந்திய வன அறிக்கை இவ்விடத்தில் சற்றுத் தாராளம்: ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் கவிகை 10 விழுக்காட்டைத் தாண்டினால் அது வனப்பரப்பு, அதற்குக் கீழே இருந்தால் புதர்க்காடு என்று தனியே எழுதுகிறது. முட்காட்டைப் பொறுத்தவரை அந்த முறையே மேல்.

குடகில் நிலைமை நேர்மாறு. அங்கே வரைபடம் பச்சையால் நிரம்பி வழிகிறது. காப்பிச் செடிக்கு நிழல் தேவை. அந்த நிழலை ஒரு காலத்தில் பெரும்பாலும் காட்டு மரங்களே தந்தன. பல தோட்டங்களில் அவற்றின் இடத்தை இப்போது விரைவாக வளரும், வெட்டி விற்க எளிதான, மிளகுக் கொடி ஏறத் தோதான சில்வர் ஓக் மரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. செயற்கைக்கோளுக்கு இரண்டும் ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட மரக்கவிகைதான். பலவகைக் காட்டு மரங்கள் தந்த நிழல் ஒற்றை ஆஸ்திரேலிய மரத்தின் நிழலாக மாறுவது அந்தப் படுகையின் காட்டு வரலாற்றில் பெரிய மாற்றம். வரைபடத்தில் அதற்குத் தடயமே இல்லை. 1,200-க்கும் மேற்பட்ட தேவரகாடுகள் என்னும் கோயில் காடுகளும், அவற்றைச் சுற்றியிருக்கும் தோட்டங்களும் அங்கே ஒரே பச்சையில் கரைந்துபோகின்றன. வன அறிக்கையும் உடைமையைப் பார்க்காமல் கணக்கிடுவதால் இதே குறையை உடையது. ஆகவே இந்த இடத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

நீலகிரியின் மேல்மட்டத்தில்தான் இக்கருவி மிக மோசமாக வழிதவறுகிறது; இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அவலாஞ்சி, மேல்பவானி, முக்கூர்த்திப் பகுதிகளின் இயற்கையான நிலக்காட்சி என்பது புல்வெளியும், மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைகளும் சேர்ந்தது. உறைபனியும் காற்றும் உள்ள அந்த உயரத்தில் புல்வெளியைக் காடாக்கியவர்கள் மனிதர்கள்: ஆங்கிலேயர் காலத்தில் விறகுக்காகத் தைலமரம், பிறகு தோல் பதனிடும் தொழிலுக்கு வேண்டிய பட்டைக்காகச் சீகை, அப்புறம் பைன். நடவு நின்ற பிறகும் சீகை தானாகவே விதை பரப்பிப் புல்வெளிக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. இந்த வரைபடத்தின் பார்வையில் புல்வெளி என்பது மரமில்லா நிலம். அதில் சீகை ஏறினால் அது மரப்பரப்பு கூடுதல், அதாவது நற்செய்தி. பின்னர் வனத்துறை அந்தச் சீகையை வெட்டிப் புல்வெளியை மீட்டால் அதே இடம் இளஞ்சிவப்பாகி இழப்பாகப் பதிவாகும். அழிவு வளர்ச்சியாகவும் மீட்பு அழிவாகவும் தலைகீழாகத் தோன்றும் இந்த நிலையை எந்த விளக்கக் குறிப்பும் அந்தத் திரையில் நமக்குச் சொல்வதில்லை.

ஆற்றுப் படுகை என்ற கோணத்தில் பார்த்தால் இது வெறும் தாவரவியல் சச்சரவு இல்லை. உதகையில் உள்ள மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளன்மார்கன் பகுதியில் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதன் ஒரு பகுதியில் தைலமரம் நட்டுப் பல ஆண்டுகள் நீரோட்டத்தை அளந்தது. முதல் சுழற்சியில், அதாவது நட்டதிலிருந்து முதல் வெட்டு வரையில், ஆண்டு நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடிக்கட்டை துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுழற்சியில் குறைவு இன்னும் அதிகமானது. கோடையில் ஓடையை ஓடவைக்கும் அடிநீர்வரத்தில் பாதிப்பு கூடுதலாக இருந்தது என்பதையும் அந்த அளவீடுகள் காட்டின. ஆகவே பைக்காரா, மாயாறு, பவானி வழியாகப் பவானிசாகருக்கு வரும் நீரைப் பற்றிக் கவலைப்படும் ஈரோட்டு விவசாயி ஒருவர், மேலே மரப்பரப்பு கூடியிருக்கிறது என்று இந்த வரைபடத்தைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. எங்கே எந்த மரம் கூடியது என்பது தெரிந்தால்தான் அது மகிழ்ச்சிக்குரியதா என்று சொல்ல முடியும்.

முதுமலையின் கீழ்மட்டத்தில் இதே கதை வேறு தாவரத்தை வைத்து நடக்கிறது. அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட தென்னமெரிக்க மஞ்சள் கொன்றை, இலையுதிர் காட்டின் இடைவெளிகளில் விரைவாக உயர்ந்து, அடியில் புல் முளைக்க விடாமல் நிழல் கட்டிவிடுகிறது. மானுக்கும் காட்டெருமைக்கும் அங்கே மேய ஒன்றும் மிஞ்சுவதில்லை. அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றுவதற்கென்று தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையே வெளியிட்டது. வெட்டப்படும் மஞ்சள் கொன்றை காகிதக் கூழுக்காகக் கரூர் மாவட்டம் புகளூரில் இயங்கும் அரசுக் காகித ஆலைக்குச் செல்கிறது. வரைபடத்தில் அந்த வெட்டு மரப்பரப்பு இழப்பு என்ற தலைப்பின் கீழ்தான் வர முடியும். லாண்டானா எனப்படும் உண்ணிச்செடி என்ற இன்னொரு அயல் தாவரமோ ஐந்து மீட்டர் உயரத்தை எட்டாத புதர். மரங்களுக்கு அடியில் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்தாலும் மேலிருந்து பார்க்கும் கருவிக்குத் தெரியாது. முதுமலை, பந்திப்பூர், பிலிகிரிரங்கன் மலைக் காடுகளின் இன்றைய நிலையைத் தீர்மானிக்கும் தாவரங்களில் ஒன்று இப்படிக் கணக்குக்கு வெளியே நிற்கிறது.

இனி காலநிலை. காட்டின் வளர்ச்சியில் மழைக்குறைவு என்ன செய்கிறது என்பதை இந்தச் சேவையை மட்டும் வைத்துக்கொண்டு அறிய முடியாது என்பது என் முடிவு. அதற்குக் காரணம் வளர்ச்சி என்பது இங்கே அளக்கப்படுவதே இல்லை. மரம் இருந்தது, மரம் போனது என்ற இரண்டு நிலைகளைத்தான் ஆண்டுவாரியாகக் காண்கிறோம். அடிமரம் ஓர் ஆண்டில் எத்தனை மில்லிமீட்டர் பருத்தது, எத்தனை கன்றுகள் பிழைத்தன, எந்த இனம் ஒதுங்கி எந்த இனம் முன்னேறியது என்பதெல்லாம் தரையில் நின்று நாடா பிடித்து அளந்தால்தான் தெரியும். அப்படி அளப்பவர்கள் இதே படுகையில் இருக்கிறார்கள் என்பது நம் நல்லூழ். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழுவினர் 1988-இல் அமைத்த 50 ஹெக்டேர் நிலையான ஆய்வுத் திடல், ஒரு கிலோமீட்டர் நீளமும் அரைக் கிலோமீட்டர் அகலமும் உடையது. ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண்பொறித்த தகடு உண்டு. முதல் கணக்கெடுப்பிலேயே சுமார் 25,000 மரங்கள் பதிவாயின. ஆண்டுதோறும் எது செத்தது, எது புதிதாக வந்தது என்று பார்க்கிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றின் தடிமனையும் அளக்கிறார்கள்.

அந்தத் திடலின் முடிவுகளைப் படித்த பிறகு வரைபடத்துக்குத் திரும்பினால் அதன் போதாமை இன்னும் தெளிவாகிறது. அங்கே சிறு மரங்களைக் கொல்வதில் தீயும் யானையும் முன்னிற்கின்றன. மழை பொய்த்ததன் விளைவு பெரிய மரங்களில் உடனே தெரிவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே சாவு எண்ணிக்கையில் அது வெளிப்படுகிறது. அப்படியானால் தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதும் பொய்த்த 2002-இன் தாக்கத்தையோ, தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்த 2016-இன் தாக்கத்தையோ அந்தந்த ஆண்டின் இளஞ்சிவப்புப் பட்டையில் தேடுவது வீண். அங்கொன்றும் இங்கொன்றுமாக மரங்கள் நின்றபடியே காய்ந்துபோனால் 30 மீட்டர் சதுரத்தில் பக்கத்து மரங்களின் கவிகை அந்த இடைவெளியை மூடிவிடும். சதுரம் பச்சையாகவே இருக்கும். மழைக் கணக்கை இந்திய வானிலை ஆய்வுத் துறை நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தரும் தரவிலிருந்து தனியே எடுத்து, சில ஆண்டு இடைவெளி விட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இலையுதிர் காட்டுக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் தேக்கும் வெண்தேக்கும் இலையைக் கொட்டிவிட்டு வெற்றுக் கிளைகளோடு நிற்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் மூடியிருக்கும். கிழக்குச் சரிவில் அக்டோபர், நவம்பரிலும் அப்படியே. மேகமில்லாத நல்ல படம் கிடைக்கும் மாதங்களில் காடு மொட்டையாக இருக்கிறது, காடு பசுமையாக இருக்கும் மாதங்களில் படம் கிடைப்பதில்லை. அந்த ஆண்டு மழை முந்தியதா பிந்தியதா என்பதைப் பொறுத்துச் சில சதுரங்களின் கணக்கு ஆடுவதற்கு வாய்ப்பு இருக்கிறது. அமேசான், இந்தோனேசியா போன்ற எப்போதும் பசுமையான காடுகளில் இக்கருவி மீது வைக்கும் நம்பிக்கையை அப்படியே நம் இலையுதிர் காட்டின் மேல் வைக்க நான் தயங்குகிறேன்.

தீ அடுக்கு வேறு தரம். அதைப் பாராட்டவே வேண்டும். நாசாவின் வியர்ஸ் கருவி 375 மீட்டர் துல்லியத்தில் கண்டறியும் வெப்பப் புள்ளிகள் ஓரிரு நாளில் இந்த வரைபடத்தில் வந்துவிடுகின்றன. 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் எரிந்த நாள்களை இதில் திரும்ப ஓட்டிப் பார்த்தால் தீ எங்கே தொடங்கி எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது ஓரளவு புலப்படும். எனினும் மரப்பரப்பு இழப்பு அடுக்கை அதன் மேல் பொருத்தினால் இரண்டும் ஒன்றோடொன்று சரியாக ஒட்டுவதில்லை, ஒட்ட வேண்டிய அவசியமும் இல்லை: நம் இலையுதிர் காடுகளில் தீ பெரும்பாலும் தரையோடு ஓடுவது, புல்லையும் சருகையும் கன்றுகளையும் தின்றுவிட்டு, பட்டை தடித்த பெரிய மரங்களை விட்டுப் போய்விடும். முதல் மழையில் கவிகை மீண்டும் துளிர்க்கும். காட்டின் அடுத்த தலைமுறை மட்டும் அங்கே இருக்காது. அந்த இழப்பு எந்த அடுக்கிலும் இல்லை. தீ எச்சரிக்கைக்கு மட்டும் என்றால் இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் குறுஞ்செய்திச் சேவையும் இதே செயற்கைக்கோள் தரவைத் தருகிறது. அது வனச்சரகம், பிரிவு என்று நம் நிர்வாகப் பெயர்களோடு வருவதால் களப்பணியாளருக்கு எளிது.

தீக்குக் காரணம் காலநிலையா, மனிதரா என்ற கேள்விக்கு இந்தப் படுகை தரும் பதில் சிக்கலானது. பற்றவைக்கும் கை பெரும்பாலும் மனிதருடையது. எரிய வைக்கும் வறட்சி வானத்தினுடையது. தரைத்தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடும் உண்ணிப்புதர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பிலிகிரிரங்கன் மலையின் பழங்குடியினரான சோலிகர்கள் முற்காலத்தில் ஆண்டின் தொடக்கத்திலேயே, சருகு முழுவதும் காயும் முன், சிறு சிறு தீயிட்டுக் காட்டின் அடியைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். சரணாலய அறிவிப்புக்குப் பிறகு அது தடைசெய்யப்பட்டது. அதன் பின்னரே உண்ணிச்செடி இவ்வளவு பரவியது என்பது அவர்கள் கூற்று, ஆய்வாளர்கள் பலரும் அதை ஏற்கிறார்கள். 2011-இல் வன உரிமைச் சட்டத்தின்படி அவர்களுடைய சமூக வன உரிமைகள் ஏற்கப்பட்ட பிறகும் தீயிடும் உரிமை திரும்பவில்லை. இப்படி, மனிதச் செயலைத் தடுத்ததே காட்டை மாற்றிய ஒரு நிகழ்வை எந்தப் பெட்டியில் போடுவது?

இந்தச் சேவையில் இழப்புக்கான காரணங்களைக் காட்டும் ஓர் அடுக்கு இருக்கிறது. 2018-இல் வெளியான முதல் வடிவம் 10 கிலோமீட்டர் கட்டங்களில் இருந்தது. 2025-இல் வந்த புதிய வடிவம் ஒரு கிலோமீட்டர் கட்டங்களில், நிரந்தர வேளாண்மை, இடம்மாறும் வேளாண்மை, சுரங்கம் உள்ளிட்ட கனிமத் தேவை, மரவெட்டு, காட்டுத்தீ, குடியிருப்பும் கட்டுமானமும், பிற இயற்கை இடையூறுகள் என்று ஏழு வகைகளைக் காட்டுகிறது. முன்னேற்றம் பெரிதுதான். ஆனால் ஒரு கட்டத்துக்கு ஒரே காரணம், அதுவும் முழுக் காலத்துக்கும் மேலோங்கியது மட்டும். வறட்சி என்று தனிப் பெட்டி கிடையாது. கஜா புயல் 2018 நவம்பரில் டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது போன்ற நிகழ்வும், வறட்சியில் மரம் காய்வதும் ஒரே இயற்கை இடையூறுப் பெட்டிக்குள்தான் போக வேண்டும். காலநிலையும் மனிதரும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும் காவிரிப் படுகையில் இந்த அடுக்கை நான் ஒரு குறிப்பாக மட்டுமே பயன்படுத்துவேன்.

கணக்குப் போட விரும்புவோருக்குச் சில எச்சரிக்கைகள் தேவை. இழப்பு ஆண்டுவாரியாகக் கிடைக்கிறது. மரப்பரப்புக் கூடுதலோ பல ஆண்டுகளைத் தொகுத்தே கிடைக்கிறது, அதுவும் வேறு முறையில் கணிக்கப்பட்டது. எனவே ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து நிகர மாற்றம் என்று எழுதக் கூடாது. ஒரு சதுரம் ஒருமுறைதான் இழப்பாகப் பதிவாகும். ஒருமுறை வெட்டிய தைலமரத் தோட்டம் துளிர்த்து வளர்ந்து மறுபடி வெட்டப்பட்டால் இரண்டாவது வெட்டு கணக்கில் வராது. 2013-இல் லேண்ட்சாட் 8 வந்து, கணிப்பு முறையும் மேம்பட்ட பிறகு சிறிய இழப்புகள் முன்பைவிட நன்றாகப் பிடிபடுகின்றன. ஆகவே 2005-ஐயும் 2020-ஐயும் நேருக்கு நேர் ஒப்பிட்டு அழிவு இத்தனை மடங்கு கூடிவிட்டது என்று சொல்வது பிழையாகும். இவை எல்லாவற்றையும் சேவை நடத்துவோரே தங்கள் விளக்கப் பக்கங்களில் வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன். பிரச்சினை என்னவென்றால், பட்டைப்படத்தை வெட்டி எடுத்துப் பகிர்கிறவர்கள் விளக்கப் பக்கத்தைத் திறப்பதில்லை.

பசுமை கூடுவதைப் பற்றி 2019-இல் நாசா செயற்கைக்கோள் தரவை வைத்து வந்த ஆய்வையும் இங்கே நினைவில் கொள்ளலாம். 2000 முதல் 2017 வரை உலகின் இலைப்பரப்பு கூடியதில் சீனாவும் இந்தியாவும் முன்னணியில் நின்றன என்று அது கூறியது. அந்த இந்தியப் பங்கில் 82 விழுக்காடு விளைநிலத்திலிருந்து வந்தது, காட்டின் பங்கு 4.4 விழுக்காடு மட்டுமே. காவிரிப் படுகையில் பச்சை கூடுவதாக எந்தப் படம் காட்டினாலும் அது கரும்பா, வாழையா, சீகையா, சோலையா என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

பயன்பாட்டு வசதியைப் பொறுத்தவரை, கணினியில் தளம் சீராக இயங்குகிறது. கைப்பேசி உலாவியில் அடுக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றினால் திணறுகிறது. தமிழ் இடைமுகம் இல்லை, இந்திய மொழி எதிலும் இல்லை. காட்டோரக் கிராமசபைக் குழுக்களும் பழங்குடி இளைஞர்களும் பயன்படுத்த வேண்டிய கருவி இப்படி அவர்கள் மொழியில் இல்லாமல் இருப்பது பெரிய குறை. ஃபாரஸ்ட் வாட்சர் என்ற இலவசச் செயலி இதைவிடக் களத்துக்கு ஏற்றது: கைப்பேசி அலைவரிசை கிடைக்காத மலைப்பகுதிக்குப் போகும் முன் வீட்டிலேயே எச்சரிக்கைப் புள்ளிகளையும் வரைபடத்தையும் இறக்கிவைத்துக்கொண்டு, அங்கே போய்ப் புள்ளியைத் தேடி நடந்து, கண்டதைப் படத்தோடு பதிவுசெய்யலாம். வனத்துக்குள் போக அனுமதி தேவை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? தன் ஊர்க் காட்டைக் காலால் அறிந்தவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அவர் இளஞ்சிவப்புப் புள்ளியைப் பார்த்தவுடன் அது சீகை வெட்டா, நிலச்சரிவா, தோட்டக்காரர் சில்வர் ஓக்கை விற்றதா என்று சொல்லிவிடுவார். கல்லூரி மாணவர்களுக்கு, இந்திய வன நிலை அறிக்கையையும் முதுமலைத் திடலின் வெளியீடுகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் நிபந்தனையோடு பரிந்துரைப்பேன். படுகையைப் பார்த்திராமல், ஒரு எண்ணை எடுத்துக் கட்டுரையோ வழக்கோ எழுத நினைப்பவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கிப் பார்க்க விலை எதுவும் இல்லையாதலால் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, உங்களுக்குத் தெரிந்த ஒரு கிளையாற்றின் எல்லையை வரைந்து, கவிகை அளவை முதலில் 30-இலும் பிறகு 10-இலும் வைத்துப் பார்த்துவிட்டு, அந்த இரண்டு படங்களுக்கும் இடையே மறைந்து தோன்றும் நிலத்துக்கு ஒருமுறை நேரில் போய்வாருங்கள்.